எண்டோரில் போர் முடிந்ததா? ஸ்டார் வார்ஸ் வழக்கை ஒழுங்காக நடத்த ஒரு செய்முறை

1983 மே 25 அன்று வெளியான ஸ்டார் வார்ஸ் படம் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை', எண்டோர் என்ற காட்டு நிலவில் வாணவேடிக்கையோடு முடிகிறது. பேரரசர் செத்தார், கோள்களை அழிக்கும் அவருடைய போர்நிலையமான இரண்டாவது டெத் ஸ்டார் வெடித்தது, எண்டோரின் குட்டி வனவாசிகளான ஈவாக்குகள் ஹெல்மெட்டுகளைக் கவிழ்த்துவைத்துக் கொட்டு அடிக்கிறார்கள். 'இத்தோடு போர் முடிஞ்சுது' என்பார் ஒருவர். 'பேரரசோட கப்பற்படை எங்க போச்சு?' என்பார் இன்னொருவர். அரை மணி நேரத்தில் பேச்சு பிந்தைய கதைகளில் வரும் த்ரான், ரே, எக்ஸகோல் என்று எங்கெங்கோ ஓடி, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் கலையும்.

சான்றுக்குப் பஞ்சமே இல்லை, மலைபோலக் கிடக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று என்று பிரிக்காமல் கொட்டுவதால்தான் தீர்ப்பு வருவதில்லை. இரண்டு முதல் ஐந்து பேர், ஒரு நோட்டு, இரண்டரை மணி நேரம், படத்தின் ஒரு பிரதி, இவ்வளவு இருந்தால் இந்த வழக்கை ஒரே மாலையில் முடிவுக்குக் கொண்டுவரலாம். எப்படி என்று பார்ப்போம்.

கேள்வியை மூன்றாக உடையுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கதை முடிந்ததா?
போர் முடிந்ததா?
அமைதி நிலைத்ததா?

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் விடைகள் வேறு. பேரரசரின் கையாளாக இருந்த தன் தந்தை வேடரை நாயகன் லூக் மீட்டெடுத்தது கதையின் முடிவு. அதை மறுப்பவர் அநேகமாக யாரும் இல்லை. முப்பது ஆண்டு கழித்து, பேரரசின் எச்சத்திலிருந்து ஃபர்ஸ்ட் ஆர்டர் என்ற புதுப் படை வந்தது என்பது அமைதியைப் பற்றிய செய்தி, அதை வைத்துப் 'போர் முடியவில்லை' என்று வாதாட முடியாது. நடுவில் இருக்கும் கேள்விதான் நம் வழக்கு. பேச்சு மேல்வரிக்கோ கீழ்வரிக்கோ நழுவும்போது நோட்டைக் காட்டி நிறுத்துவது ஒருவர் பொறுப்பு. அந்த ஆளை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதிகம் பேசுகிறவருக்கே அந்த வேலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, எந்தப் போர்? 1977 படத்தின் தொடக்க எழுத்துகள் 'இது உள்நாட்டுப் போர்க் காலம்' என்றே தொடங்குகின்றன. கிளர்ச்சிக் கூட்டணிக்கும் கேலக்டிக் பேரரசுக்கும் நடந்த அந்த உள்நாட்டுப் போர் மட்டுமே நம் கணக்கு. பேரரசுக்கு முந்தைய குளோன் போர்களும், பின்னால் ஃபர்ஸ்ட் ஆர்டரை எதிர்த்து ரெசிஸ்டன்ஸ் படை நடத்திய போரும் தனிக் கணக்குகள்.

ஆண்டு எண்ணும் முறையும் ஒன்றாக இருக்கட்டும். முதல் டெத் ஸ்டார் வெடித்த யாவின் போரை வைத்து எண்ணுவது ரசிகர் வழக்கம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை இங்கே யா.பி. என்று எழுதுகிறோம். எண்டோர் போர் யா.பி. 4.

எந்த அடுக்கிலிருந்து பேசுகிறீர்கள்?

வழக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே முடிவுக்கு நான்கு அடுக்குச் சான்று இருக்கிறது. நோட்டில் ஒவ்வொரு வாதத்துக்கும் பக்கத்தில் அடுக்கு எண்ணைப் போடாமல் எழுதாதீர்கள்.

முதல் அடுக்கு, 1983-இல் திரையரங்கில் வந்த படம் மட்டும். அதில் கொண்டாட்டம் எண்டோர் காட்டிலேயே நடந்து, அங்கேயே முடிகிறது. வேறெந்தக் கோளும் தெரியாது. பாட்டும் வேறு, ரசிகர்கள் 'யப் நப்' என்று அழைக்கும் ஈவாக் பாட்டு.

இரண்டாவது அடுக்கு, திருத்திய பதிப்புகள். 1997 சிறப்புப் பதிப்பில் ஜான் வில்லியம்ஸின் புதிய இசை வந்தது. பெஸ்பின், டாட்டூயின், தலைநகர் கோரஸாண்ட் ஆகிய இடங்களில் மக்கள் ஆடிப்பாடும் காட்சிகள் சேர்ந்தன. கோரஸாண்டில் பேரரசர் சிலையை இழுத்துத் தள்ளுகிறார்கள். 2004 டிவிடியில் நபூ கோளும் சேர்ந்தது. இன்று ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது இந்த வழியில் வந்த பதிப்புதான். திருத்தாத படம் வேண்டும் என்றால் 2006-இல் வந்த இரட்டை டிவிடியின் இரண்டாவது தட்டைத் தேட வேண்டும்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. காட்டுக்குள் ஒரு படைப்பிரிவு தன் வெற்றியைக் கொண்டாடுவது ஒரு கோளத்துச் செய்தி. தலைநகரிலேயே சிலை விழுவது ஆட்சி கவிழ்ந்த செய்தி. 1983-இல் படம் பார்த்தவரும் 1997-க்குப் பிறகு பார்த்தவரும் மோதிக்கொள்வதில் பாதி, இருவரும் வெவ்வேறு படம் பார்த்ததால் வருவது.

மூன்றாவது அடுக்கு, 'லெஜண்ட்ஸ்'. 1991-இல் பேரரசுத் தளபதி த்ரானைப் பற்றிய டிமதி ஸானின் நாவல்களோடு சூடுபிடித்து, 2014 ஏப்ரல் 25 அன்று லூகாஸ்ஃபில்ம் 'இது இனி தனிக் கிளை' என்று அறிவிக்கும்வரை வந்த நாவல்கள், காமிக்ஸ்கள். நான்காவது அடுக்கு, அதற்குப் பிறகு வந்த அதிகாரபூர்வத் தொடர்ச்சி.

மூன்றையும் நான்கையும் ஒரே வாக்கியத்தில் கலக்கவே கூடாது. த்ரான் இரண்டிலும் இருக்கிறார், பேரரசு அதிகாரி பெல்லியான் இரண்டிலும் இருக்கிறார். ஆட்கள் பெயர் ஒன்று, வரலாறு வேறு. 'த்ரான் தலைமையில் பேரரசு கிட்டத்தட்ட ஜெயிச்சுதே' என்று யாராவது சொன்னால், எந்த த்ரான் என்று கேளுங்கள். யா.பி. 9-இல் படை நடத்தித் தோற்றவர் லெஜண்ட்ஸ் த்ரான். 2023-இல் வந்த 'அசோகா' தொடரின் கடைசியில் வேறொரு கேலக்சியிலிருந்து திரும்பி வருகிறவர் நான்காவது அடுக்கு த்ரான்.

கடைசி நாற்பது நிமிடத்தைப் பார்க்கும் முறை

முழுப் படமும் வேண்டாம். கிளர்ச்சிக் கப்பற்படை எண்டோருக்கு வந்துசேரும் இடத்திலிருந்து ஓட விடுங்கள். நோட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் 'திரையில் அழிந்தது', வலப்பக்கம் 'திரையில் அழியாதது'. ஊகத்தை எழுதக் கூடாது, கண்ணில் பட்டதை மட்டும்.

இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பும். டெத் ஸ்டாரைக் காத்த கேடய நிலையம், பேரரசர், வேடர், 'எக்ஸிக்யூட்டர்' என்ற தலைமைக் கப்பல், அதில் இருந்த அட்மிரல் பியட், டெத் ஸ்டார். எக்ஸிக்யூட்டர் விழும் விதத்தைக் கவனியுங்கள். கட்டுப்பாட்டு அறையின் கேடயம் போனதும் ஏ-விங் என்ற சிறு போர்விமானம் ஒன்று அதற்குள் மோதுகிறது, கப்பல் சாய்ந்து டெத் ஸ்டாரில் விழுகிறது.

வலப்பக்கத்துக்கு வந்தால்தான் சுவாரசியம். எக்ஸிக்யூட்டரோடு வந்த ஸ்டார் டெஸ்ட்ராயர்கள் என்ன ஆயின? படம் சொல்லவே இல்லை. டெத் ஸ்டார் வெடித்த பிறகு காட்சி காட்டுக்குப் போய்விடுகிறது. அந்தக் கப்பல்கள் சரணடைந்ததாகவோ ஓடியதாகவோ எரிந்ததாகவோ ஒரு ஷாட் கிடையாது. அதற்கு முன்பே பியட் ஒன்று சொல்கிறார்: தாக்க வேண்டாம், தப்பவிடாமல் மறித்து நின்றால் போதும் என்பது பேரரசரின் கட்டளை. ஆக, பெரும்படை முழுவேகத்தில் மோதித் தோற்கவில்லை. நிறுத்திவைக்கப்பட்ட படை, தலை போனதும் தடுமாறியது. இந்த ஒரு வரியைக் குறித்துக்கொண்டால் 'முழுப் படையும் எண்டோரில் அழிந்தது' என்ற வழக்கமான தவறு அப்போதே விழுந்துவிடும்.

இன்னொன்று. படத்தின் தொடக்க எழுத்துகள் கிளர்ச்சியாளர்களை 'கேலக்சிக்கு விடுதலையை மீட்கப் போராடும் சிறு குழு' என்கின்றன. போரின் நோக்கம் அங்கேயே எழுதியிருக்கிறது. டெத் ஸ்டாரை உடைப்பது அந்த நோக்கத்துக்கு ஒரு வழி. நோக்கம் நிறைவேறியதா என்பதைத்தான் அளக்க வேண்டும்.

தமிழ்ப் புறத்திணைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் இந்த நாற்பது நிமிடம் இன்னும் தெளிவாகப் பிரியும். கேடய நிலையத்தைப் பிடிப்பது உழிஞை. வானில் நேருக்கு நேர் மோதுவது தும்பை. ஈவாக் கிராமத்து ஆட்டம் வாகை. தனியாக நின்று தந்தைக்கு எரியூட்டும் லூக் நிலையாமை பேசும் காஞ்சிக்குரியவன். இயக்குநர் ரிச்சர்ட் மார்க்வாண்ட் வாகைக்கும் காஞ்சிக்கும் தாராளமாக இடம் தருகிறார், தும்பையைப் பாதியில் வெட்டிவிடுகிறார். போர் முடிந்தது என்ற உணர்வு நமக்கு அந்த வாகையிலிருந்து வருகிறது.

ஐந்து சோதனைகள்

இனி மதிப்பெண். ஒவ்வொரு சோதனைக்கும் 0, 1, 2. மொத்தம் 10. ஏழுக்கு மேல் வந்தால் போர் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஏழு என்ற கோடு நம் வசதிக்கு, வேண்டுமானால் ஆறாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மதிப்பெண் போடத் தொடங்கிய பிறகு மாற்றாதீர்கள்.

தலைமை. கட்டளையிடும் ஆள் போனாரா என்பது பாதிக் கேள்வி. அவர் இடத்தில் நின்று 'தோற்றோம்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பது மீதி. 1945 ஏப்ரல் 30 அன்று ஹிட்லர் இறந்தார், போர் அன்றைக்கு முடியவில்லை. டோனிட்ஸ் பொறுப்பேற்று, அவர் அதிகாரத்தில் ஆட்கள் கையெழுத்திட்டு, மே 8-இல் முடிந்தது. எண்டோரில் பேரரசருக்கு வாரிசு இல்லை, வேடரும் இல்லை. சரணடையக்கூட ஆள் இல்லாத நிலை. இதற்கு 1 கொடுப்பதே நியாயம். 2 கொடுக்கத் துடிப்பவர்களிடம் அசுவத்தாமனை நினைவூட்டுங்கள். துரியோதனன் தொடை முறிந்து கிடந்த அந்த இரவில்தான் பாண்டவர் பாசறை எரிந்தது.

படை. எண்டோருக்கு 1. மேலே எழுதிய வலப்பக்கப் பத்தியே காரணம்.

நிலம். தலைநகர் யார் கையில்? முதல் அடுக்கில் பேச்சே இல்லை. இரண்டாவது அடுக்கில் சிலை விழுகிறது. ஆனால் நான்காவது அடுக்கில், 2015-இல் சக் வெண்டிக் எழுதிய 'ஆஃப்டர்மாத்' நாவல் தன் முன்னுரைக் காட்சியிலேயே அதே சிலைக் கொண்டாட்டத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த நிமிடம் பேரரசின் காவல்படை கூட்டத்தின் மேல் சுடுவதைக் காட்டுகிறது. திரையில் பார்த்த மகிழ்ச்சி உண்மைதான், வெட்டு விழுந்த இடம் மட்டும் கொஞ்சம் முந்தி. இந்தக் கிளையில் கோரஸாண்ட் இதற்குப் பிறகும் பல மாதம் பேரரசின் பிடியிலேயே இருக்கிறது. 0.

கையெழுத்து. சரண் ஆவணமோ உடன்படிக்கையோ உண்டா? எண்டோருக்கு 0. நான்கு அடுக்கில் எதிலும் அன்றைக்கு யாரும் எதிலும் கையெழுத்திடவில்லை. லெஜண்ட்ஸில் எண்டோர் முடிந்த கையோடு பகுரா கோளத்தில் ஒரு சண்டை நிறுத்தம் வருகிறது, அதைக் காட்டிச் சிலர் 2 கேட்பார்கள். அது ஒரு கோளத்துப் பேரரசு ஆளுநரோடு, வெளியிலிருந்து வந்த மூன்றாம் எதிரிக்கு எதிராகச் செய்துகொண்ட உள்ளூர் ஏற்பாடு. பொதுச் சரணாகக் கணக்கில் வராது.

ஊற்று. தோற்ற தரப்பால் புதிய கப்பல் கட்ட முடியுமா, புதிய ஆள் சேர்க்க முடியுமா? கப்பல்தளங்கள், பயிற்சிப் பள்ளிகள், வரி வசூல் எல்லாம் இதில் அடங்கும். டெத் ஸ்டார் ஒன்று போனது பெரிய இழப்புதான், ஆனால் பள்ளிகளும் தளங்களும் அப்படியே இருந்தன. 0.

கூட்டினால் எண்டோருக்கு 2.

ஜாக்கூவுக்கு அதே ஐந்தையும் போடுங்கள்

நான்காவது அடுக்கில் போர் முடியும் இடம் ஜாக்கூ. எண்டோருக்கு ஓராண்டு கழித்து, யா.பி. 5. 'ஃபோர்ஸ் அவேகன்ஸ்' படத்தில் நாயகி ரே பாகம் பொறுக்கும் மணல்வெளிக் கப்பல்கள் இந்தப் போரில் விழுந்தவை. படம் பார்த்தவர்கள் பலர் அந்தக் குப்பைமேட்டை அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடுகிறார்கள், உண்மையில் அது இந்த வழக்கின் மிகப் பெரிய தடயப்பொருள்.

இடைப்பட்ட ஓராண்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, ஆபரேஷன் சிண்டர். செத்த பேரரசரின் கட்டளையைத் தூது இயந்திரங்கள் தளபதிகளிடம் கொண்டுசேர்க்கின்றன: சில கோள்களை அழியுங்கள். அவற்றில் பேரரசுக்கு விசுவாசமான கோளும் உண்டு. 2015-இல் வந்த 'ஷேட்டர்ட் எம்பயர்' காமிக்ஸில் நபூ தாக்கப்படுவதையும், 2017-இல் வந்த 'பேட்டில்ஃபிரண்ட் 2' விளையாட்டில் வார்டோஸ் அழிவதையும் பார்க்கலாம். இரண்டு, கிளர்ச்சியாளர்கள் அமைத்த புதிய குடியரசின் இருப்பிடமான சாண்ட்ரிலாவில் விடுதலை நாள் விழாவில் நடந்த படுகொலை. மீட்டு வந்த கைதிகளையே ஆயுதமாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். எதிரியின் தலைநகருக்குள் புகுந்து அடிக்க முடிகிற தரப்பு தோற்றுவிட்டது என்று சொல்வது கடினம்.

இனி மதிப்பெண். தலைமை 2: பின்னணியிலிருந்து பேரரசை இயக்கிய கேலியஸ் ராக்ஸ் ஜாக்கூவில் சாகிறார், கையெழுத்திடப் பேரரசின் பெயரளவுத் தலைவர் மாஸ் அமெடா இருக்கிறார். படை 1: முதுகெலும்பு உடைந்தது, ஆனால் ஒரு பகுதி பேரரசு அட்மிரல் ரே ஸ்லோன் தலைமையில் அறியப்படாத பகுதிகளுக்கு நழுவியது. நிலம் 1: மிச்சப் பேரரசு வரையறுத்த எல்லைக்குள் ஒடுங்க வேண்டும். கையெழுத்து 2: கேலக்டிக் கன்கார்டன்ஸ் என்ற உடன்படிக்கை. ஊற்று 2: அதே உடன்படிக்கையில் ஆயுதக் குறைப்பு, இழப்பீடு, பயிற்சிப் பள்ளிகளை மூடுவது, புதிதாகப் படைக்கு ஆள் சேர்க்கத் தடை. மொத்தம் 8.

மாஸ் அமெடாவின் கையெழுத்து செல்லுமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்வி. பதவியில் மட்டும் பெரியவர், கோரஸாண்டில் கிட்டத்தட்டக் கைதியாக இருந்தவர். ஆனால் சரண் ஆவணத்தில் கையெழுத்திடுகிறவர் பலசாலியாக இருக்க வேண்டும் என்று எந்தப் போரிலும் விதி இருந்ததில்லை. பெயரளவுக்காவது அரசைக் குறிக்கும் ஆளாக இருந்தால் போதும். நேசநாடுகள் டோனிட்ஸையும் அவர் அரசாங்கத்தையும் 1945 மே 23 அன்று கைது செய்துவிட்டன, அதனால் மே 8 செல்லாமல் போகவில்லை.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஜாக்கூ பேரரசர் முன்பே திட்டமிட்ட தோல்வி என்பது அது. தன்னைக் காக்கத் தவறிய பேரரசு தனக்குப் பின் வாழக் கூடாது, எதிரியையும் சேர்த்துக்கொண்டு அழிய வேண்டும், தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் வெளியேறிப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் 'கண்டிஞ்சன்சி' என்ற மாற்றுத் திட்டம். தோற்றவனே விரும்பிய தோல்வி உண்மையான தோல்வியா? இந்த இடத்தில் அவசரப்படாமல் கால் மணி நேரம் ஒதுக்குங்கள், வழக்கிலேயே செறிவான பகுதி இதுதான். எங்கள் கணிப்பு: திட்டத்தின் முக்கியப் பாதி நிறைவேறவில்லை. ஜாக்கூ வெடித்து இரு தரப்பும் சாம்பலாகியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. குடியரசு பிழைத்தது, பேரரசு கையெழுத்திட்டது. பேரரசர் பால்பட்டீன் என்ன நினைத்தார் என்பதைவிட மற்றவர்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே போரை முடிக்கிறது.

லெஜண்ட்ஸ்காரர்களுக்குத் தனிப் பக்கம்

இந்த அடுக்கில் ஓராண்டில் எதுவும் முடிவதில்லை. எண்டோரில் படையைப் பின்வாங்கச் செய்தவர் பெல்லியான். கோரஸாண்ட் கைமாறவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. யா.பி. 9-இல் த்ரான் படையெடுப்பு. அடுத்த ஆண்டில் பேரரசரே குளோன் உடலில் திரும்புகிறார். 1991 டிசம்பரில் தொடங்கிய 'டார்க் எம்பயர்' காமிக்ஸ் அது. 2019-இன் 'ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தில் வரும் அவர் மறுபிறப்பை 'யாரும் நினைக்காத கூத்து' என்று திட்டுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். கடைசியில் யா.பி. 19-இல் பெல்லியானும் குடியரசுத் தலைவர் கேவ்ரிஸமும் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். 1998 நாவலில் வருகிறது. எண்டோருக்குப் பிறகு சரியாகப் பதினைந்து ஆண்டு. இந்த அடுக்கில் நின்று 'எண்டோரே முடிவு' என்பவருக்கு ஜெயிக்க வழியே இல்லை, ஆறுதலாகத் தேநீர் கொடுங்கள்.

மிச்சம் மீதி ஆட்களை எங்கே வைப்பது?

'த மாண்டலோரியன்' தொடர் எண்டோருக்கு ஐந்து ஆண்டு கழித்து நடக்கிறது. அதில் வெள்ளைக் கவசப் படையினர் இன்னும் திரிகிறார்கள், பேரரசின் பழைய ஆளுநர் மோஃப் கிடியனிடம் கப்பல் இருக்கிறது. மூன்றாம் பருவத்தில் பேரரசு எச்சங்களின் நிழல் சபையே கூடுகிறது. 'பாருங்க, போர் நடக்குது' என்பார்கள்.

ஹிரோ ஓனோடா என்ற ஜப்பானிய அதிகாரி பிலிப்பைன்ஸின் லூபாங் தீவில் 1974 மார்ச் வரை ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. அதனால் இரண்டாம் உலகப் போர் 1974-இல் முடிந்தது என்று எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை. எச்சங்களுக்கு வைக்க வேண்டிய சோதனை ஒன்றே: அவர்கள் ஒரு அரசாக நிலத்தை ஆள்கிறார்களா, ஒளிந்து திரிகிறார்களா? அந்தத் தொடரில் நெவாரோ கோளில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இரண்டாம் வகை. அதே மூன்றாம் பருவத்தின் மூன்றாவது அத்தியாயம் கோரஸாண்டில் மன்னிப்புத் திட்டத்தையும், ஸ்டார் டெஸ்ட்ராயர்கள் உடைக்கப்படும் கப்பல் கிடங்கையும் காட்டுகிறது. ஜெயித்த தரப்பு எதிரிக் கப்பலைப் பழைய இரும்பாக உடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அது போருக்குப் பிந்தைய காலம். நிழல் சபையை மட்டும் கொஞ்சம் கவலையோடு பார்க்கலாம், அதை மூன்றாவது வரியின் கீழ், 'அமைதி நிலைத்ததா' என்பதில் எழுதுங்கள்.

ஃபர்ஸ்ட் ஆர்டர்: பழைய போரா, புதுப் போரா

புதுப் போர் என்பதே எங்கள் கட்சி. ஜாக்கூவுக்கும், ஃபர்ஸ்ட் ஆர்டரின் ஸ்டார்கில்லர் தளம் குடியரசின் தலைநகர் ஹோஸ்னியன் பிரைமை அழித்ததற்கும் இடையில் 29 ஆண்டு. அந்தக் காலத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை இருந்தது, குடியரசு தன் படையில் பெரும்பங்கைக் கலைத்தது, பழைய கிளர்ச்சித் தலைவி லேயா ரெசிஸ்டன்ஸைச் சொந்த முயற்சியில் திரட்ட வேண்டியிருந்தது. அரசு போரில் இருந்திருந்தால் அதற்குத் தேவையே இல்லை. ஒப்பிட வேண்டுமானால் வெர்சாய் உடன்படிக்கையை எடுங்கள். 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தானது, 1939 செப்டம்பர் 1 அன்று அடுத்தது தொடங்கியது. ஒன்றின் கோபம் மற்றதை வளர்த்தது, எண்ணும்போது இரண்டு என்றே எண்ணுகிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான சீட்டு, கடைசிப் போர் நடக்கும் எக்ஸகோல் கோள். 2019 படத்தில் பால்பட்டீன் உயிரோடு இருக்கிறார், ஃபர்ஸ்ட் ஆர்டர் தலைவர் ஸ்னோக்கைத் தானே உருவாக்கியதாகச் சொல்கிறார். இரு போருக்கும் ஒரே தளபதி என்றால் ஒரே போர்தானே? இதற்கு விடை ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது: ஆபரேஷன் சிண்டர். பழைய பேரரசை அழிக்கக் கட்டளையிட்டவர் அவரே. அந்தப் போரை அவர் தரப்பிலிருந்தே கைகழுவிவிட்டார். பிறகு கட்டியது வேறு படை, வேறு அரசு. ஜாக்கூவிலிருந்து தப்பிய சிறுவன் ஆர்மிடேஜ் ஹக்ஸ் வளர்ந்து ஃபர்ஸ்ட் ஆர்டர் ஜெனரலானது தொடர்ச்சிதான், ஆனால் ஆள் தொடர்ச்சி போர்த் தொடர்ச்சியாகாது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஐந்து சோதனையை எக்ஸகோல் முடிவுக்குப் போட்டால் தேறாது. தலைமை 2: பேரரசர், ஜெனரல்கள் பிரைட், ஹக்ஸ், ஸ்னோக்குக்குப் பின் தலைவரான கைலோ ரென் எவரும் இல்லை. படை 1. நிலம் 1: பெஸ்பின், எண்டோர், ஜாக்கூ வானில் கப்பல்கள் விழுவதைச் சில நொடி காட்டுகிறார்கள். கையெழுத்து 0. ஊற்று 0: ஃபர்ஸ்ட் ஆர்டர் ஆக்கிரமித்த இடங்கள், தளங்கள் பற்றி ஒரு சொல் இல்லை. மொத்தம் 4. எண்டோரைவிட இரண்டு கூடுதல், ஜாக்கூவில் பாதி. ஒன்பது படக் கதையின் கடைசிப் போர் இரண்டாவது வரிக்கு விடை சொல்லாமலே திரை விழுகிறது.

வாசிப்பு, பார்வை அளவு

ஒரு மாலை மட்டும் இருந்தால்: எண்டோர் நாற்பது நிமிடம், 'ஆஃப்டர்மாத்' முன்னுரைப் பக்கங்கள், மாண்டலோரியன் மூன்றாம் பருவம் மூன்றாவது அத்தியாயம். இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

இரண்டு வாரம் இருந்தால் கிளாடியா கிரேயின் 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' முதலில். 2015-இல் வந்தது, இரு தரப்பிலும் நிற்கும் இருவர் வழியாக யாவினிலிருந்து ஜாக்கூ வரை ஒரே நூலில் போகிறது, எழுத்தும் இந்தப் பட்டியலில் சிறந்தது. பிறகு 'ஆஃப்டர்மாத்' மூன்று நாவல்கள், 2015, 2016, 2017. முதல் நாவலின் நடையில் பலர் திணறுவார்கள். திணறினால் இடைக்காட்சிகளை மட்டும் படித்துவிட்டு மூன்றாவதான 'எம்பயர்ஸ் எண்ட்' நாவலுக்குத் தாவலாம், உடன்படிக்கை அதில்தான். 'ஷேட்டர்ட் எம்பயர்' நான்கே இதழ், ஒரு மணி நேரம். அமைதிக் காலத்துக் குடியரசு எப்படி இருந்தது என்று பார்க்க 2016-இல் வந்த 'பிளட்லைன்'.

மேசையில் நடத்தும்போது

ஒருவருக்கு மூன்று நிமிடம், கையில் ஒரே ஒரு சான்று, அடுக்கு எண்ணோடு. மறுப்புக்கு ஒன்றரை நிமிடம். ஐந்து சோதனைக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே சீட்டில் மதிப்பெண் எழுதி ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சத்தமாகச் சொல்லவிட்டால் முதலில் பேசியவர் எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள். இரண்டு புள்ளி வித்தியாசம் வரும் சோதனையை மட்டும் விவாதியுங்கள், மற்றதைச் சராசரி எடுத்துவிட்டு நகருங்கள்.

கெடுவது எங்கே என்றால்: 'லூகாஸ் அப்படி நினைக்கல' என்ற வாதம். படைப்பாளி நினைத்தது முதல் வரிக்குச் சான்று, இரண்டாவது வரிக்கு ஆகாது. அடுத்தது, பிடிக்காத படத்தைக் கணக்கிலிருந்தே தள்ளுவது. தள்ளலாம், ஆனால் தொடங்கும் முன்பே தள்ளிவிட்டதாக அறிவிக்க வேண்டும், நடுவில் முடியாது. மூன்றாவது, விக்கிப் பக்கத்தைத் திறந்து ஒரு ஆண்டை மட்டும் வாசிப்பது. உள்நாட்டுப் போர் யா.பி. 5-இல் முடிந்தது என்று அங்கே எழுதியிருக்கும், ஆனால் ஏன் என்பது நாவலில் இருக்கிறது. ஏன் தெரியாதவர் அடுத்த கேள்வியிலேயே விழுவார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் யா.பி. 9-இலிருந்து 28 வரை வரிசையாக ஆண்டுகளை எழுதி எதிரே இடம் விட்டுவையுங்கள். த்ரான் திரும்பி வந்தாயிற்று, அவர் திரும்பக்கூடும் என்பதையே குடியரசு செனட்டர்கள் நம்ப மறுத்தார்கள். அவர் ஒரு கோளைப் பிடித்து அரசாக ஆளத் தொடங்கினால் 'நிலம்' சோதனையில் ஜாக்கூவுக்குக் கொடுத்த 1-ஐத் திரும்பப் பார்க்க வேண்டிவரும்.